உள்ளே எத்தனை பேர்?

முதல் கதை அச்சில் வந்த அன்று எழுதியவன் துள்ளிக் குதிப்பான் என்று நினைப்பவர்கள், பக்கத்து நாற்காலி அக்கா கைப்பையிலிருந்து அந்த வாரப் பத்திரிகையை எடுத்து மேசையில் போட்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. கத்தவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

“நாப்பத்திரெண்டாம் பக்கம்,” என்றாள் அக்கா, அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “நம்ம ஆளு கதை எழுதியிருக்கான். நம்ம வேலையைப் பத்தியேதான். ஒரு அம்மா லிஃப்டுல மாட்டிக்கிறாங்க. ரெண்டு இடத்துல அழுதுட்டேன்.”

நல்ல மனசு அக்காவுக்கு. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற கெடுதலுக்கு மருந்தே கிடையாது. மதியத்துக்குள் பத்திரிகை நான்கு மேசையும் சுற்றி, கண்ணாடி அறைக்குள் இருக்கும் மேற்பார்வையாளர் கைக்கே போய்விட்டது. மேற்பார்வையாளருக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் கடிகாரம். நிமிடக் கணக்கில்தான் அவருக்கு மூச்சே வரும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயம் புரியாது. லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி அது. முந்நூறு கட்டடங்களின் லிஃப்டுகளில் மணி படம் போட்ட மஞ்சள் பொத்தான் ஒன்று இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுத்தினால் அழைப்பு இந்த அறைக்கு வரும். எடுத்தவுடன் மூன்று கேள்வி. எந்தக் கட்டடம்? உள்ளே எத்தனை பேர்? யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா? பதில் வந்ததும் திரையில் ‘அனுப்பு’ என்றிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பக்கத்து மெக்கானிக்கின் போன் அலறும். அவர் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ‘பேச்சை விடாதே’ என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

எழுதும் கிறுக்கு அவனுக்கு அந்தச் சுவரிலிருந்துதான் வந்தது. நான்கடிக்கு நான்கடிப் பெட்டிக்குள், முகம் தெரியாத ஒரு குரலோடு மாட்டிக்கொண்டால் மனிதர்கள் டாக்டரிடம் சொல்லாததைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு நோட்டு வாங்கினான், பிறகு இன்னொன்று வாங்கினான். காலை ஐந்திலிருந்து ஆறரை வரை சமையலறை மேசையில் உட்கார்ந்து கதையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினான். பதினான்கு கதைகள். பதினான்கும் கிணற்றில் போட்ட கல். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள வாய் வராமல், யாராவது கேட்டால் “சும்மா பொழுதுபோக்கு” என்று சொல்லிப் பழகியிருந்தான். பதினைந்தாவது கல் மட்டும் மிதந்து மேலே வந்துவிட்டது.

வந்தது எது என்பதுதான் சங்கடம். அந்தக் கதையில் முடிவைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. அவன் வேலையைப் பறிக்கக்கூடிய ஒரு விஷயமும் அதில் இருந்தது, அதுவும் நடந்ததுதான்.

வருகிற அழைப்புகள் எல்லாம் பதிவாகும். யாராவது புகார் கொடுத்தால் மட்டும் எடுத்துக் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் நூற்றெண்பது நாளில் தானாக அழிந்துவிடும். அக்கா பத்திரிகையை மேசையில் போட்ட அன்று, அந்தக் கதைக்குக் காரணமான அழைப்புக்கு வயது நூற்று அறுபத்தொன்பது நாள். இன்னும் பதினொன்று பாக்கி.

அந்த அழைப்பு வந்த அன்று நடந்தது இதுதான். மதியம் மூன்று மணி. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து மணி அடித்தது. அறுபது வயதிருக்கும் பெண் குரல். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுவிட்டது, ஒரே ஆள்தான், உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. மௌஸைப் பச்சைப் பொத்தான் மேல் கொண்டுபோனான்.

“ஒண்ணும் அவசரமில்ல தம்பி,” என்றார் அந்த அம்மாள். “போகலாமா வேண்டாமான்னுதான் வந்தேன். அதுக்கே தெரிஞ்சு நின்னுடுச்சு போல.”

அவன் விரல் அப்படியே நின்றது.

“எட்டாவது மாடியில என் தங்கச்சி இருக்கா. பத்தொம்பது வருஷமாச்சு பேசி. என்ன சொல்லணும்னு பஸ்ஸுல வர்றப்ப மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். இப்ப எல்லாம் மறந்து போச்சு.”

“என்கிட்ட சொல்லிப் பாருங்கம்மா,” என்றான் அவன். பேச்சை விடக்கூடாது, அதுதானே வேலை.

அந்த அம்மாள் சொல்லத் தொடங்கினார். அக்காவும் தங்கையும் சேர்ந்து தையல் கடை வைத்திருந்தார்கள். ஆறு மெஷின். ஒரு நாள் சாயங்காலம் தைத்த துணியையெல்லாம் தேய்த்து வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். அவள் போன பிறகு, ஒரு சட்டைக் காலர் சரியில்லை என்று அக்கா மறுபடி இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். போனவர் அப்படியே பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடை முழுக்க எரிந்துபோனது.

“அன்னைக்குத் தேய்ச்சது அவதான்னு எல்லாருக்கும் தெரியும். அவ அணைக்காம போயிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அவளும் ஆமான்னுட்டா. என்னை யாரும் கேக்கவே இல்ல தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ.”

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். நோட்டு தானாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் மௌஸ் ஞாபகம் வந்தது. அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் மெக்கானிக் வந்துவிடுவான், கதவு திறந்துவிடும், பேச்சு நின்றுவிடும். இன்னும் ஒரு நிமிடம் என்று நினைத்தான்.

“தினமும் வந்து மன்னிப்புக் கேப்பா. ‘என்னாலதானே அக்கா, என்னாலதானே’ன்னு. அதை என்னால தாங்க முடியல. அதனாலதான் நான் அவகூடப் பேசுறதை விட்டேன். நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டா. அவ வீட்டுல இன்னைக்கு வரைக்கும் இஸ்திரிப் பெட்டி கிடையாதாம். வீட்டுக்காரர் கசங்கின சட்டையோட ஆபீஸ் போறாராம். எங்க கிளம்பினாலும் சுவிட்சு அணைச்சிருக்கான்னு மூணு தடவை திரும்பி வந்து பாப்பாளாம்.”

இன்னும் ஒரு நிமிடம். இன்னும் ஒன்று. மனிதன் கெட்டுப்போவது ஒரேயடியாக இல்லை, இப்படி நிமிடம் நிமிடமாகத்தான். கடைசியில் அந்த அம்மாளின் குரல் இழுத்தது. “காத்து கம்மியா இருக்கு தம்பி,” என்றார்.  சட்டென்று பொத்தானை அழுத்திவிட்டு மணியைப் பார்த்தான். பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. முதலில் இரண்டு தெரு தள்ளி இருந்த மெக்கானிக் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தான். அவன் வந்து கதவைத் திறக்க இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று. ‘ஆள் பத்திரம்’ என்று ஒரு செய்தி வந்தது. அதோடு சரி.

தினசரி அறிக்கையில் மெக்கானிக்குக்குத் தகவல் போன நேரமும் அவன் போய்ச் சேர்ந்த நேரமும்தான் வரும். அதற்கு முந்தைய பன்னிரண்டு நிமிடம் பதிவில் தவிர வேறெங்கும் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்த மெக்கானிக்கே போன் பண்ணினான். “அரை மணி நேரம் ஆயிடுச்சுன்னு வாட்ச்மேன் திட்டினாரு சார். நான்தான் லேட் பண்ணிட்டேன். பாவம் அந்தம்மா, வேர்த்து ஊத்திக்கிட்டு இருந்தாங்க.” அவன், “பரவாயில்ல விடு,” என்றான். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்.

கதையை முதலில் இப்படி எழுதவில்லை. முதல் பிரதியில் போன் எடுக்கிறவன் யோக்கியன். மூன்று கேள்வி, உடனே பொத்தான். அதை மனைவியிடம் கொடுத்தான். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, இருக்கக்கூடாதது எங்கே இருக்கிறது என்று தேடுகிறவள். கதையையும் அப்படித்தான் படிப்பாள். பாராட்ட மாட்டாள், திட்டவும் மாட்டாள். படிக்கும்போது மனசு வேறெங்காவது போன இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். முதல் பிரதிக்கு அம்மை வார்த்த மாதிரி ஆகியிருந்தது.

“அந்தம்மா பேசுற இடம் நல்லா இருக்கு,” என்றாள். “ஆனா போன் எடுத்தவர் கதையிலயே இல்ல. அவங்க இவ்வளவு நேரம் பேசுறப்ப அவர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?”

அந்தக் கேள்விதான் அவனைக் கெடுத்தது. மூன்று மாதம் சுற்றிச் சுற்றி வந்தான். மெக்கானிக்குக்கு வண்டி பஞ்சர் ஆனதாக எழுதினான், புள்ளி. கரண்ட் போனதாக எழுதினான், புள்ளி. ஒரு நாள் காலை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று, நடந்ததை நடந்தபடி எழுதினான். விரல் நின்றது, நோட்டு திறந்தது, இன்னும் ஒரு நிமிடம் என்று நினைத்தது, எல்லாம்.  கதை அப்போதுதான் எழுந்து நின்றது. எழுதுகிறவனுக்குத்தான் இந்தச் சாபம். மற்றவர்கள் தப்பு செய்தால் மறைப்பார்கள். இவன் அதில் நல்ல வாக்கியம் வருகிறதா என்று பார்ப்பான்.

முடிவு மட்டும் தெரியவில்லை. அந்த அம்மாள் மேலே போனாரா, என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியாது. அதனால் தங்கையைக் கொன்றுவிட்டான். அக்கா மூச்சிரைக்க எட்டாவது மாடிக்குப் போகிறார், தங்கை பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டாள்.

அந்தப் பிரதியில் மனைவி ஒரே ஒரு புள்ளிதான் வைத்தாள், முடிவில். “சாகடிச்சுட்டா கதை முடிஞ்சிருமா?” என்றாள். பிறகு காகிதத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள். “இந்தப் பன்னெண்டு நிமிஷம் நிஜமா நடந்ததா?”

“கதைதானே,” என்றான்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் எதையோ பார்த்துவிட்டு டாக்டருக்கு எழுதிக்கொடுக்கும் வரை வாயைத் திறக்காத பழக்கம் அவளுக்கு.

பத்திரிகைக்காரர்கள் பதில் போட ஒரு வருடம் ஆகும், அதற்குள் பதிவு அழிந்துவிடும் என்று கணக்குப் போட்டு அனுப்பினான். மூன்று வாரத்தில் பதில் வந்தது. ‘கதையை ஏற்கிறோம். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.’ கதையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அப்போதே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். மூன்று தடவை எழுதினான். மூன்று தடவையும் கிழித்தான். பதினான்கு கல்லைக் கிணற்றில் போட்டவனுக்கு ஒரு கல் மிதந்தால் அதைக் காலால் அமுக்க மனசு வருமா? அதோடு பெயரையும் சொந்தப் பெயராகவே போட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை என்ற காரணம் உண்டு.

பத்திரிகை மேசைக்கு வந்த அன்று சாயங்காலம் கடிகாரம் அவனைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பத்திரிகை விரித்து வைத்திருந்தது.

“நல்லா எழுதியிருக்கப்பா,” என்றார். “கம்பெனி பேரு போடலியே, அது நல்லது. ஆனா படிக்கிறவங்க நம்ம ஆளுங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு நெனச்சுக்க மாட்டாங்களா? பன்னெண்டு நிமிஷம்.”

“அது கற்பனை சார்.”

“கற்பனைதான். நிஜமா இருந்தா இங்க உட்கார்ந்து பேசிக்கிட்டா இருப்போம்?” சிரித்தார். “ஒரு நிமிஷம் தாண்டினாலே வீட்டுக்கு அனுப்பிடுவேன். உனக்குத்தான் தெரியுமே.”

அவனும் சிரித்தான். வெளியே வந்ததும் முதுகு நனைந்திருந்தது தெரிந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். ஒவ்வொரு மணிக்கும் திரையில் கட்டடத்தின் பெயரைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டான். வேறு கட்டடமாக இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டவர் அலறினாலும் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்து இன்னும் பயந்தான். சாலையில் யாராவது பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு போனால் நாற்பத்திரண்டாம் பக்கம்தான் உள்ளே இருக்கிறது என்று தோன்றியது. காலை ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. அடுத்த கதைக்கு எதையெல்லாம் செய்யத் துணிவான் என்று அவனுக்கே தெரியவில்லை. வேலை போகுமே என்ற பயத்துக்கு அடியில் அந்தப் பயம் படுத்திருந்தது.

ஐந்தாம் நாள் மனைவி கேட்டாள். “அந்த ரெக்கார்டு என்னைக்கு அழியுது?”

அவன் தேதியைச் சொன்னான். இனி மறைக்க என்ன இருக்கிறது.

“தினமும் காலண்டரைப் பாக்குறீங்க. சரியா சாப்பிடுறதில்ல. வேலை போயிடுமேன்னு பயம், புரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு.” தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். “அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு தடவை விசாரிச்சீங்களா?”

இல்லை. நூற்று எழுபத்துநான்கு நாளில் ஒரு தடவைகூட இல்லை. விசாரிக்கப் போய், தான் எழுதிய முடிவே நிஜமாகியிருந்தால் என்ன செய்வது என்ற பயம். தெரியாதவரைக்கும் அது கதை.

ஒன்பதாம் நாள், காலை பதினொன்றேகால். இன்னும் இரண்டு நாள் பாக்கி. பக்கத்து நாற்காலி அக்காவுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏப்பா, உன்னைத்தான் கேக்குறாங்க. கதை எழுதின தம்பி இருக்காரான்னு.” முகமெல்லாம் சிரிப்பு. “வாசகி.”

அழைப்பை அவனுக்கு மாற்றினாள். அவன் திரையில் அந்தக் கட்டடத்தின் பெயர் வந்து நின்றது. மூலையில் பதிவாகிறது என்பதற்கான சிவப்புப் புள்ளி எரிந்தது. மனைவி வைக்கிற புள்ளி மாதிரியே சின்னதாக இருந்தது. கண்ணாடி அறையில் கடிகாரம் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்தான். தன் ஆளுக்கு வாசகி வந்திருக்கிறாள் என்றால் அவருக்கும் கேட்க ஆசை இருக்காதா?

 பழக்கம்தான் காப்பாற்றியது.

“எந்தக் கட்டடம்?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே தம்பி.” அதே குரல். “லிஃப்டு நல்லாத்தான் இருக்கு. அஞ்சாவது மாடியில நிறுத்தி நான்தான் மணி அடிச்சேன். உங்களைப் பிடிக்க வேற வழி தெரியல.”

“உள்ள எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்,” என்றார் அந்த அம்மாள். “நானும் என் தங்கச்சியும்.”

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். உயிரோடு இருக்கிறாள். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த ஒரு பிணம் எழுந்து உட்கார்ந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

“அன்னைக்கு நான் மேல போகல தம்பி,” என்றார் அந்த அம்மாள். “கதவு திறந்ததும் பாத்தா, மனசுல ஒண்ணுமே இல்ல. சொல்ல வேண்டியதெல்லாம் உங்ககிட்ட சொல்லித் தீத்துட்டேன். பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. படி வழியா இறங்கி வீட்டுக்குப் போயிட்டேன். பாருங்க, என் பாரம்தான் இறங்குச்சு, இவளோடது அப்படியே இருந்துச்சு.”

அப்போது இன்னொரு குரல் குறுக்கே வந்தது. கொஞ்சம் இளையது, கொஞ்சம் கூர்மை.

“நான்தான் அந்தச் செத்துப்போன தங்கச்சி. பத்திரிகையில உங்க கதையைப் படிச்சேன். இஸ்திரிப் பெட்டி வந்ததும் கை கால் ஓடல. பத்தொம்பது வருஷத்துக்கு அப்புறம் நானா இவளுக்குப் போன் பண்ணேன். வந்து உக்காந்துக்கிட்டு, ஆமா, நான்தான் அணைக்காம வந்தேன்னு சொல்றா.”

“அப்புறம் என்னம்மா?” என்றான். குரல் தன்னுடையதாக இல்லை.

“நான் நம்பல. இவ என் மேல இரக்கப்படுறா. வயசாயிடுச்சு, தங்கச்சி பாவம்னு பழியை எடுத்துத் தன் தலையில போட்டுக்கிறா. இந்தக் கதையைப் படிச்சுட்டுத்தான் இவளுக்கு இந்த யோசனையே வந்திருக்கும். கதைக்காரங்க எதை வேணா எழுதுவீங்க. என்னையே சாகடிச்சுட்டீங்க. அதனால உங்க வாயால கேக்கணும். இவ சொன்னதை நீங்க எழுதினீங்களா, நீங்க எழுதினதை இவ சொல்றாளா?”

“அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.” அந்தக் குரல் விடவில்லை. பத்தொன்பது வருடம் மூன்று மூன்று தடவை சுவிட்சைத் திரும்பி வந்து பார்த்தவள், ஒரு தடவை சொன்னதும் நம்பிவிடுவாளா? “அப்ப அந்தப் பன்னெண்டு நிமிஷம்? ஒரு ஆளு உள்ள மாட்டிக்கிட்டு மூச்சுத் திணறுறப்ப, கதைக்காக ஒருத்தர் ஆளே அனுப்பாம இருப்பாரா? அதைப் படிச்சப்பவே இது கட்டுக்கதைன்னு தெரிஞ்சு போச்சு எனக்கு. அது பொய்னா இதுவும் பொய்தானே?”

அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கடிகாரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் இன்னும் சிரிப்புதான். ஒரு சொல் போதும். கற்பனை. ஏற்கெனவே சொல்லிப் பழகிய சொல். சொல்லிவிட்டால் இரண்டு நாளில் பதிவு அழியும், வேலை இருக்கும், அடுத்த கதை எழுதலாம். அந்த வீட்டில் மட்டும் இனியும் இஸ்திரிப் பெட்டி இருக்காது.

பயம் என்றால் அது பயம்.  சமையலறை மேசை கண்ணில் வந்தது, மனைவியின் பென்சில் வந்தது. “பரவாயில்ல விடு” என்று தான் சொன்னதும் வந்தது. அதைக் கதையில் எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று நினைத்தவன், இருப்பதிலேயே அசிங்கமானதை விட்டுவிட்டான்.

“நிஜம்தாம்மா,” என்றான். “பன்னெண்டு நிமிஷமும் நிஜம். நான் பொத்தானை அழுத்தல. மறந்து போகல, வேணும்னேதான். அவங்க பேசுறது நின்னுடக் கூடாதுன்னு. மெக்கானிக் லேட்டா வந்தான்னு எல்லாரும் நெனச்சாங்க. அவனே அப்படித்தான் நெனச்சான். நான் பேசாம இருந்துட்டேன்.”

பக்கத்து நாற்காலி அக்காவின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. கண்ணாடி அறையில் கடிகாரம் எழுந்து நின்றார்.

லிஃப்டுக்குள் வெகு நேரம் சத்தமே இல்லை. பேச்சை விடாதே என்று சுவர் சொன்னது. அவனிடம் பேச்சு தீர்ந்திருந்தது.

பிறகு அந்தத் தங்கையின் குரல் கேட்டது. அவனிடம் பேசவில்லை, அக்காவிடமும் பேசவில்லை. கூர்மையெல்லாம் போய், சின்னப் பெண்ணின் குரல் மாதிரி ஆகியிருந்தது.

“அப்ப நான் அணைச்சுட்டுத்தான் போயிருக்கேன்.”

இன்னொரு தடவை சொன்னாள். “நான் அணைச்சுட்டுத்தான் போயிருக்கேன் அக்கா.” மூன்றாவது தடவை சொல்லும்போது வார்த்தை அழுகையில் போய்விட்டது. அந்த அம்மாளும் அழுதார். பெட்டிக்குள் இரண்டு அழுகையும் ஒன்றில் ஒன்று மோதிக்கொண்டு ஹெட்போனில் வந்தன.

கண்ணாடிக் கதவு திறந்தது. கடிகாரத்தின் செருப்புச் சத்தம் அவன் நாற்காலியை நோக்கி வந்தது. நோட்டு மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பாக்கி இருந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டான்.

“உள்ள யாருக்காவது உடம்புக்கு முடியலையாம்மா?”